நூத்தி அறுபது மாப்பிள்ளைமாரும் எங்க மதினியும்

கயிலாயத்தில் கல்யாணக் கூட்டம் தாங்காமல் பூமி ஒருபக்கமாகச் சாய்ந்தபோது, அதை நிமிர்த்த அகத்தியர் எங்கள் பொதிகை மலைக்கு வந்தார் என்பார்கள். அவருக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து, கல்யாணக் கூட்டத்தால் கவிழ இருந்த பூமியை ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்தது எங்கள் மதினி உமா மகேஸ்வரிதான். அகத்தியர் கமண்டலம் கொண்டுவந்தார். மதினி கொண்டுவந்தது ஒரு பழைய லேப்டாப். அகத்தியர் குட்டை என்பதைத் தவிர இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மதினி ஐந்தரை அடி.

மதினிக்குச் சொந்த ஊர் திருவேங்கடம். வானம் பார்த்த பூமி. கல்யாணமாகி மேலகரத்துக்கு வந்த முதல் ஜூன் மாசம், சாரல் விழுந்ததும் வாசலில் போய் நின்று முகத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள். "மதினி, இது தினமும் பெய்யும், உள்ள வாங்க" என்று கூப்பிட்டால் "பெய்யட்டும்" என்றாள். நான்காம் நாள் காய்ச்சல்.

அண்ணன் முத்துகுமரனைக் கட்டுவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு இங்கே உட்கார்ந்து பக்கம் அமைத்துக் கொடுப்பது. அந்தக் கம்பெனி இப்போது திரும்பவும் கூப்பிட்டது. திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பொதிகை ரயிலில் டிக்கெட்டும் போட்டாயிற்று. அண்ணன் புளியறை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். சென்னைக்குப் போய் அவன் என்னத்த ஓட்ட?

இதற்கு நடுவில்தான் எங்கள் சமுதாயச் சங்கத்து வேலை வந்தது. வருஷாவருஷம் சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ஒரு மண்டபம் பிடித்து மணமக்கள் அறிமுக விழா நடத்துவார்கள். தென்காசி, செங்கோட்டை, திருவேங்கடம் என்று மூன்று ஊர்க் கிளையிலிருந்தும் வேன் பிடித்து வருவார்கள். காலையில் அருவி, அப்புறம் சாப்பாடு, அப்புறம் மாப்பிள்ளை. ஒரு வேன் வாடகையில் எல்லாம் முடிந்துவிடும். வருகிறவர்கள் கையில் ஒரு புத்தகம் கொடுப்பார்கள்: மாப்பிள்ளைமாருடைய போட்டோ, பேர், படிப்பு, நட்சத்திரம், வேலை. பெண்களுடைய போட்டோவை அச்சில் போடக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானம். அதனால் இருநூற்று எண்பத்தெட்டு ஆம்பளை முகம் மட்டும்.

சங்கத்துச் செயலாளர் நாச்சியார் டீச்சர், ரிட்டயரான தலைமையாசிரியை, மதினியிடம் சொன்னது இதுதான். மதினி அமைக்கிற புத்தகம் சனிக்கிழமை அச்சாகி ஞாயிறு காலை மண்டபத்துக்கு வந்துவிட்டால், சங்கத்தின் மொத்தப் பன்னிரண்டு கிளைக்கும் உறுப்பினர் புத்தகம் போடுகிற வேலை மதினிக்கு. இரண்டு வருஷத்து வேலை.

மதினி எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இது நல்லபடியா முடிஞ்சா டிக்கெட்ட கேன்சல் பண்ணுதேன். முடியலன்னா போயிருதேன். இங்கன சும்மா உக்காந்து அத்தை கையால வாங்கித் திங்க என்னால முடியாது."

"நீங்க போனா மாடி ரூம் எனக்குத்தான்" என்று நான் அப்போதே துண்டு போட்டு வைத்தேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முதல் புத்தகம் லேப்டாப்பில் வந்து விழுந்தது. மதினி பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நின்றாள். பேர் இருக்கு, நட்சத்திரம் இருக்கு, போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். உள்ளே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அடுத்த ஆளுக்கும் அப்படித்தான். அடுத்த ஆளுக்கும்.

எண்ணிப் பார்த்தால் முப்பத்தெட்டு பேருக்குத் தலை இல்லை.

"ஏன் மதினி, இவங்கள்லாம் ஹெல்மெட் போடாம போனவங்களா?"

"வாய மூடுட்டி."

விஷயம் என்னவென்றால், இந்தப் புத்தகத்தை யாரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து ஒட்டுவதில்லை. எக்ஸ்எம்எல் என்று ஒரு வகைப் பைல். பேரைச் சுற்றி இது பேர் என்று ஒரு வேலி, ஊரைச் சுற்றி இது ஊர் என்று ஒரு வேலி. போட்டோ மட்டும் அதற்குள் இருக்காது. போட்டோ எங்கே இருக்கிறது என்கிற விலாசம்தான் இருக்கும். பக்கம் அமைக்கிற மிஷின் அந்த விலாசத்தைப் படித்து, போய் ஆளைத் தூக்கிவந்து பக்கத்தில் உட்கார வைக்கும். விலாசம் தப்பாகிவிட்டால் வெறுங்கையோடு வந்து சிவப்புப் பெருக்கல் போட்டுவிடும்.

மதினி முதலில் போட்டோவைச் சந்தேகப்பட்டாள். திறந்து பார்த்தால் ஒவ்வொன்றும் பளிச்சென்று சிரித்தது. அளவைச் சந்தேகப்பட்டாள். அதுவும் சரி. நடுவில் டீச்சர் நாலு தடவை போன். "ஏம்மா கம்ப்யூட்டர், முடிஞ்சிட்டா?" ஒவ்வொரு தடவையும் மதினி எழுந்து நின்று பேசினாள். போனில் யாராவது எழுந்து நிற்பார்களா? ஒரு மணி ஆயிற்று. சோறு ஆறிப்போயிற்று. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். தட்டு திரும்பிப் போனதுதான் மதினிக்குச் சுருக்கென்றது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒன்றேமுக்காலுக்கு ஒன்று கண்டுபிடித்தாள். தலையில்லாத முப்பத்தெட்டு பேருமே திருவேங்கடத்துக்காரர்கள். மிஷின் அவர்களைத் தென்காசிப் போட்டோ இருக்கிற போல்டரில் போய்த் தேடிக்கொண்டிருக்கிறது. ஏன் அங்கே போய்த் தேடுகிறது என்று யோசிக்க நேரமில்லை. மூன்று மணிக்கு அச்சு ஏற வேண்டும். முப்பத்தெட்டு போட்டோவையும் அப்படியே நகல் எடுத்துத் தென்காசிப் போல்டரிலேயே போட்டாள். திரும்ப ஓட விட்டாள். எல்லாருக்கும் தலை வந்துவிட்டது. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

இரண்டு பத்துக்குப் புத்தகம் தென்காசியில் இருக்கிற அப்துல் மஜீது பாயுடைய அச்சகத்துக்கு மெயிலில் போயிற்று. மதினி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

நான் சும்மா இருக்கிற பிறவி இல்லை. மாப்பிள்ளைமாரைப் பார்த்துச் சிரிக்கலாமே என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். தென்காசி பதினாலாம் நம்பர் நம்ம நல்லக்கண்ணு. புளியறை ரோட்டில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறவர். நல்ல மனுஷன். லாரி அண்ணன்மாருக்கு அவர்தான் அன்னதாதா. மாவு பிசைகிற கையைக் கட்டிக்கொண்டு, வேட்டி சட்டையில் விறைப்பாக நின்றார். அப்படியே தள்ளிக்கொண்டு செங்கோட்டைக்குப் போனால் அங்கேயும் நல்லக்கண்ணு. அதே விறைப்பு. கீழே போட்டிருந்தது: எம்.பி.பி.எஸ்., எம்.டி., சொந்தக் கிளினிக்.

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. "மதினி! பரோட்டா மாஸ்டர் ஊசி போடுதாரு!"

மதினி கண்ணைத் திறந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏட்டி அபர்ணா. நீ மாத்துனியா?"

"நானா?"

"விளையாடுதியாட்டி? என் பொழப்பு இதுல கெடக்கு. நீ மாத்துனியா, இல்லியா?"

"சத்தியமா இல்ல மதினி. எனக்கு இத எங்கன தட்டணும்னே தெரியாது."

அவள் நம்பவில்லை. நம்ப வேண்டிய காரணமும் இல்லை. போன வாரம்தான் அவள் போனில் அலாரத்துக்குப் பதிலாக நானே ஆடு மாதிரிக் கத்திப் பதிந்த சத்தத்தை வைத்திருந்தேன். ஆனால் செய்யாத ஒன்றுக்கு அந்தப் பார்வையை வாங்குவது வேறு மாதிரி இருந்தது.

மதினி திருவேங்கடத்துப் பக்கத்துக்குப் போனாள். பதினாலாம் நம்பர் அவளுடைய சித்தப்பா மகன் விஸ்வநாதன். பள்ளிக்கூட வாத்தியார். பேர் இருந்தது, நட்சத்திரம் இருந்தது. முகம் நல்லக்கண்ணு.

"விசுவண்ணன் எங்க?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை. லேப்டாப்பைக் கேட்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தென்காசி இருபதாம் ஆள்தான் செங்கோட்டை இருபது, திருவேங்கடம் இருபது. தென்காசி முப்பத்தொன்றுதான் அங்கேயும் முப்பத்தொன்று. மொத்தம் நூற்று அறுபது பேருக்கு வேற தலை.

காரணம் எங்கள் சங்கத்துக்காரர்களுடைய ரோஷம். ஒன்றிலிருந்து இருநூற்று எண்பத்தெட்டு வரைக்கும் ஒரே வரிசையாக நம்பர் போடலாம் என்று மதினி முதலிலேயே சொன்னாள். செங்கோட்டைக் கிளை கொந்தளித்துவிட்டது. "நாங்க என்னத்துக்குத் தொண்ணூத்தி ஒண்ணுல தொடங்கணும்? தென்காசிக்கு வாலா நாங்க?" திருவேங்கடத்துக்காரர்கள் அதற்குமேல். கடைசியில் டீச்சர் தீர்ப்புச் சொன்னார்: ஒவ்வொரு ஊருக்கும் ஒன்றாம் நம்பரிலிருந்து. அதனால் மூன்று ஊரிலும் 'போட்டோ' என்று ஒரு போல்டர், மூன்று போல்டரிலும் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், பதினாலாம் நம்பர்.

மதினி தென்காசிப் பைலைத்தான் முதலில் செய்தாள். மற்ற இரண்டு ஊரையும் அதற்குள் கொண்டுவந்து சேர்த்தாள். திருவேங்கடத்துப் பைலில் 'பக்கத்தில் இருக்கிற போட்டோ போல்டர், பதினாலு' என்றுதான் விலாசம். அது திருவேங்கடத்தில் இருந்தவரைக்கும் சரி. தென்காசிக்கு வந்து உட்கார்ந்தபிறகும் 'பக்கத்து வீடு' என்றால் மிஷின் தென்காசியில் பக்கத்து வீட்டைத்தான் தட்டும். தென்காசியில் இருந்தது தொண்ணூறு போட்டோ. தொண்ணூறுக்கு மேல் நம்பர் இருந்த முப்பத்தெட்டு பேருக்கு மட்டும்தான் கட்டம் காலியாக வந்தது. அதையும் மதினி நகல் போட்டு மூடிவிட்டாள்.

"காலிக் கட்டம் நல்லதுட்டி. அது இங்கன தப்பு இருக்குன்னு கத்துச்சு. நான்தான் அது வாயில துணிய வச்சு அடைச்சிட்டேன்." லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு ஒரு பிள்ளையப் பெத்தவ, டாக்டர்னு நெனச்சு நல்லக்கண்ணு மூஞ்சியப் பாத்து வச்சிருப்பா. மண்டபத்துல டாக்டர் வந்து நிப்பாரு. நல்லக்கண்ணுவும் நிப்பாரு. எல்லாரும் அந்த மனுஷனப் பாத்துச் சிரிப்பாங்க."

கொஞ்சம் முன்னால் நானும் சிரித்திருந்தேன்.

மணி இரண்டரை. மதினி பாய்க்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"பாய், அனுப்புனதுல தப்பு இருக்கு. ஒன்றரை மணி நேரம் நிறுத்துங்க."

"நடக்காதும்மா. மூணு மணிக்கு மிசினு ஏறணும். அடுத்தால கல்யாணக் கார்டு பார்ட்டி உக்காந்திருக்கான். நீங்க ஆளாளுக்கு ஒரு நேரம் சொன்னா நான் கடையப் பூட்டிட்டு அருவிக்குப் போயிர வேண்டியதுதான்."

வைத்துவிட்டார். மதினி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்குப் போட்டாள். சுவிட்ச் ஆப்.

இனி பார்த்துக்கொண்டிருந்து புண்ணியமில்லை என்று, கொடியில் நனைகிற துணியை எடுக்க நான் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது மதினி நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் மஜீது பாய்.

"டீச்சரே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. புதுசா வாழ்த்துரை ஒண்ணு வருதாம், ரெண்டாம் பக்கத்த விட்டுவைக்கணுமாம், நாலரை வரைக்கும் நிறுத்தணுமாம். எம்பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த மனுசி, தட்ட முடியுமா? கார்டை முன்னால ஓட்டிக்கிடுதேன். நாலரை தாண்டுச்சுன்னா பழசத்தான் ஏத்துவேன், பாத்துக்க."

"எனக்கு வாழ்த்துரை ஒண்ணும் வரலியே பாய்?"

"அத நீங்க பேசிக்கிடுங்க."

எங்க நேரம் நல்ல நேரம் என்று நான் சொன்னேன். மதினிக்கு யோசிக்க நேரமில்லை.

முதல் வேலையாக, முன்னால் நகல் போட்ட முப்பத்தெட்டையும் அழித்தாள். அப்புறம் தென்காசிப் போட்டோ போல்டருக்கே பேரை மாற்றினாள்.

"ஐயோ, இருக்கதையும் ஏன் கெடுக்கீங்க?"

"தென்காசி வீட்டுக் கதவப் பூட்டுதேன். இனிமே எவன் தப்பா வந்தாலும் வெறுங்கையோடதான் போவான்."

ஊருக்குப் பத்துப் பேர் வீதம் முப்பது பேரை மட்டும் ஓடவிட்டாள். முப்பதும் காலி. முப்பது சிவப்புப் பெருக்கல். அதைப் பார்த்து மதினி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது, மனுஷிக்கு என்னமும் ஆகிவிட்டதோ என்று.

"எல்லாருமே அந்த ஒத்தக் கதவத்தான் தட்டுதாங்க. இப்ப சந்தேகமே இல்ல."

ஒவ்வொரு ஊர்ப் பைலின் தலையிலும், 'உன் வீடு இது, இங்கிருந்து தேடு' என்று ஒரு வரி எழுதினாள். ஓடவிட்டாள். திரும்பவும் முப்பதும் காலி. அந்த மிஷின் அந்த வரியைப் படிக்கிற ஜாதி இல்லையாம். மணி மூன்று ஐந்து. மதினி முடியை அள்ளிச் செருகினாள்.

"பக்கத்து வீடு, எதுத்த வீடு எல்லாம் வேண்டாம்" என்றாள். ஊர் ஊராகப் பைலைத் திறந்து, டிரைவிலிருந்து தொடங்கி ஊர், போல்டர், நம்பர் வரைக்கும் முழு விலாசமாக மாற்றினாள். எங்கள் ஊரில் வழி கேட்டால் இடது வலது சொல்ல மாட்டோம். மேக்க போ, தெக்க திரும்பு என்போம். நிற்கிறவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் மேற்கு மேற்குதான், மலை இருக்கிற பக்கம். அது மாதிரி. முப்பது பேரும் வந்து உட்கார்ந்தார்கள். மொத்தத்தையும் ஓடவிட்டாள். இருபது நிமிஷம். மின்விசிறியை லேப்டாப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வியர்வையோடு உட்கார்ந்திருந்தோம்.

மூன்றரைக்கு வந்தது. ஒரு கட்டமும் காலி இல்லை.

"வந்திட்டு! கெளம்புங்க மதினி!"

"முன்னாலயும் இப்படித்தான் ஒண்ணும் காலி இல்லாம வந்துச்சு." மூன்று ஊர் விண்ணப்பக் கட்டையும் என் மடியில் போட்டாள். "நீ பேரப் படிச்சு, ஒட்டியிருக்க போட்டோவக் காட்டு. நான் இங்கன பாக்குதேன். ஒண்ணையும் விடாத."

இருநூற்று எண்பத்தெட்டு பேர். எனக்கு ஒருத்தரையும் கிண்டல் பண்ண நேரமில்லை. திருவேங்கடம் பதினாலு வந்தபோது மதினி ஒரு நொடி நின்றாள். விசுவண்ணன் எண்ணெய் தேய்த்துத் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அடுத்து" என்றாள்.

மெயிலில் ஏற்றினால் சிக்னல் இழுத்துக்கொண்டு கிடந்தது. மணி நாலு. பென்டிரைவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கவரை டிபன் பாக்ஸில் வைத்து, டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதினி ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள். நான் ஓட்டினேன். சீசன் சனிக்கிழமை. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் வேனும் பஸ்ஸும் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டு நின்றன. சாரல் வேறு கண்ணில் குத்தியது. தலையில் துண்டு கட்டிய ஒரு கூட்டம் நடுரோட்டில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றது.

"ஏட்டி, எத்தன மணி?"

"இன்னும் நேரம் கெடக்கு மதினி."

நாலு இருபது. பொய் சொன்னேன். சாக்கடை ஓரமாக ஏற்றி, ஒரு சந்துக்குள் விட்டு, கோயிலுக்குப் பின்பக்கமாகப் போய் அச்சக வாசலில் நிறுத்தியபோது நாலு இருபத்தேழு. மஜீது பாய் கையில் பழைய தாளோடு மிஷின் பக்கத்தில் நின்றார். மதினி டிபன் பாக்ஸை நீட்டினாள்.

"சாப்பாடா?" என்றார் பாய்.

ஆறு மணிக்கு முதல் கட்டு பின் அடித்து வந்தது. அப்போதுதான் நாச்சியார் டீச்சர் ஈரத்தலையோடு வந்து இறங்கினார். புத்தகத்தை வாங்கி இரண்டாம் பக்கத்தைத் திறந்தார். வெள்ளை.

"இது என்ன பாய், ஒரு பக்கத்த முழுங்கிட்டீரு?"

"நீங்கதான டீச்சர் புது வாழ்த்துரை வருதுன்னு விட்டுவைக்கச் சொன்னீங்க? ரெண்டரை, ரெண்டே முக்கால் இருக்கும், கடை லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டு…"

"நானா? அந்நேரம் நான் பழைய குற்றாலத்துல அருவிக்கடியில நின்னேன். போனு பையில அணைஞ்சு கெடந்துச்சு."

எனக்குக் காலடியில் மிஷின் ஓடுகிற அதிர்வு மட்டும் தெரிந்தது. டீச்சர் பாயைப் பார்த்தார். பாய் எங்களைப் பார்த்தார். மதினி முன்னால் போனாள்.

"டீச்சர், அது என் வேலை. முதல்ல அனுப்புனதுல நூத்தி அறுபது பேருக்குப் போட்டோ மாறியிருந்துச்சு. தப்பு என்னோடது. சரி பண்ண நேரம் வேணும்னு உங்க பேரச் சொல்லி நிறுத்தினது."

பாய் வாயைத் திறந்தார். மதினி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பாய் வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு முகத்திலும் விரலை வைத்தார். மதினி நின்றுகொண்டே இருந்தாள். டிபன் பாக்ஸ் இன்னும் கையில் இருந்தது. செங்கோட்டைக்காரர்கள் முடிய ஐந்து நிமிஷம், திருவேங்கடம் முடியப் பத்து நிமிஷம். எனக்கு ஒரு வருஷம்.

"மாறல" என்றார் கடைசியில். "என் பேரச் சொன்னது தப்பு. இனிமே சொல்லாத. வெறும் பக்கம் கெடக்கட்டும், போன் நம்பர் குறிக்க இடமில்லன்னு போன வருசமே ஏசுனாவ." எழுந்தார். "ஏம்மா கம்ப்யூட்டர், திங்கக்கிழமை பத்து மணிக்கு சங்கத்துக்கு வா. பன்னெண்டு கிளைப் பட்டியலும் தாரேன். நம்பர் விசயத்துல நீ சொல்லுத மாதிரியே வச்சுக்கிடலாம். எவன் வாலு எவன் தலைன்னு நான் பாத்துக்கிடுதேன்."

டீச்சர் போனதும் பாய் மதினியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நான் ஸ்கூட்டர் சீட்டில் தேங்கிய தண்ணீரை ரொம்ப அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மதினி வந்து ஏறினாள். நான் ஸ்டார்ட் பண்ணவில்லை. அவளும் பண்ணச் சொல்லவில்லை.

"டீச்சர் போன்ல வேற ஒண்ணும் சொன்னாவளாம்" என்றாள் பின்னாலிருந்து. "'அந்த உமா தங்கமான பிள்ள பாய், அவள வெரட்டாதீரும், அவ போயிட்டா எங்களுக்கு ஆளில்ல'ன்னு சொல்லி, கடைசியில மூக்க உறிஞ்சினாவளாம்."

"டீச்சருக்குச் சளி போல" என்றேன்.

"டீச்சருக்கு என் பேரே தெரியாதுட்டி."

நான் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி என் தோளில் கையை வைத்தாள்.

"எங்க, இன்னொருக்க சொல்லு. இந்தத் தடவ உன் குரல்ல."